முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்: மனவடு பட்டவர்களுக்கான மென்மையான யோகா

யோகா சொல்லித்தரத் தொடங்கிய புதிதில் நான் செய்த ஒரு பிழையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாலை வகுப்பு. கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொல்லி, விளக்கை அணைத்து, கதவையும் சாத்தினேன். எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்திருந்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, மூலையில் படுத்திருந்த ஓர் அக்கா எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, "தப்பா நினைக்காதம்மா, இருட்டுல கதவு சாத்துனா எனக்கு மூச்சு முட்டிரும்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று அவர் எழுந்து போனதுதான் அந்த வகுப்பில் நடந்த ஒரே சரியான காரியம் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. தன் உடம்பு "வேண்டாம்" என்றதைக் கேட்டு, அதன்படி நடந்தார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைத்தான் சொல்லித்தரப்போகிறது. ஆசனமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மனவடு என்பது ஈழத்தில் புழங்கும் நல்ல சொல். ஆறிப்போனாலும் தடம் விட்டுப்போகும் காயம். விபத்து, வீட்டுக்குள் அடி, சிறுவயதில் நடந்த அத்துமீறல், போர், சுனாமி, கண்ணெதிரே பார்த்த சாவு என்று எதனாலும் அது உண்டாகலாம். குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப்போடும். பேருந்தில் பின்னால் யாராவது நெருங்கி நின்றால் கழுத்து விறைக்கும். சிலருக்கு நேர்மாறாக, உடம்பே தன்னுடையதில்லை என்பதுபோல் மரத்துப்போகும். இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்ற மனவடு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

யோகா இதற்கு உதவுமா? அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் இருந்த ஒரு மையத்தில், 2000களின் தொடக்கத்தில் டேவிட் எமர்சன் என்ற யோகா ஆசிரியரும் மனநல மருத்துவர் பெஸ்ஸல் வான்டெர் கோல்க்கும் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார்கள். அவர்கள் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேறு சிகிச்சையில் குணம் காணாத 64 பெண்கள் கலந்துகொண்டார்கள். வாரம் ஒரு மணி நேரம், 10 வாரம். முடிவில், யோகா செய்த 31 பேரில் 16 பேருக்கு பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. பெண்கள் நலம் பற்றிய வகுப்பில் மட்டும் உட்கார்ந்த 29 பேரில் அது 6 பேர். நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2004 சுனாமிக்கு ஒரு மாதம் கழித்து, அந்தமானில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகா சொல்லித்தந்து பார்த்தார் யோகா ஆய்வாளர் ஷெர்லி டெல்லஸ். பயம், பதற்றம், துக்கம், தூக்கக் கெடுதல் நான்கும் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. ஆகவே அளவோடுதான் நம்ப வேண்டும்.

பாஸ்டன் ஆய்விலும் பாதிப் பேருக்குக் குணமாகவில்லை என்பதைக் கவனியுங்கள். மனவடுவுக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும்தான் அடிப்படை. யோகா துணை. மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்களும், நேரம் போனதே தெரியாமல் அடிக்கடி நினைவு அறுந்துபோகிறவர்களும், இல்லாத குரல்கள் கேட்பவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள், பாய் பிறகு. கர்ப்பிணிகளும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் படி: நிறுத்துவது

முதல் மூன்று நாளும் ஆசனம் கிடையாது. நிறுத்துவதை மட்டும் பழகுங்கள். சைக்கிளில் ஏறும் பிள்ளைக்கு முதலில் பிரேக்கைத்தானே காட்டுகிறோம்.

நாற்காலியில் உட்காருங்கள். வலது கையை மெதுவாக உயர்த்துங்கள். பாதியில் இருக்கும்போதே "போதும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கையை இறக்குங்கள். இவ்வளவுதானா என்று சிரிப்பு வரும். ஆனால் நடந்த கொடுமையின்போது "போதும்" என்று சொல்ல முடியாமல் போனவர்களுக்கு, சொன்னவுடன் நின்றுவிடுகிற ஒன்று கிடைப்பது சின்ன விஷயமில்லை. வகுப்பில் இந்த இடத்தில் அழுதவர்களும் உண்டு.

அடுத்தது, அலை மாதிரி ஏதாவது எழுந்தால் திரும்பி வரும் வழி. கண்ணைத் திறங்கள். குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். கழுத்தைத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்த்து, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்: காலண்டர், மின்விசிறி, குடம், பச்சைக் கதவு, கொடியில் துண்டு. இன்றைய தேதியையும் கிழமையையும் சொல்லுங்கள். பக்கத்தில் குளிர்ந்த நீரோடு ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கட்டும். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சில்லிப்பு பலரைச் சட்டென்று இந்த நொடிக்குக் கொண்டுவந்துவிடும். மனம் அமைதியாக இருக்கும்போதே இதை ஏழெட்டு முறை செய்து பாருங்கள். பதற்றம் வந்த பிறகு புதிதாகக் கற்க முடியாது.

இடமும் நேரமும்

கதவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். இந்த மூன்றும் போதும். கண்ணாடி எதிரே வேண்டாம். நடந்தது எந்த அறையிலோ அந்த அறையைத் தவிருங்கள். கூட்டுக்குடும்பத்தில் தனி இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மொட்டை மாடி, பின்கட்டு, எல்லோரும் கிளம்பிப்போன பிறகான கூடம் என்று ஏதாவது ஒன்று சிக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்றைமட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: "இந்தப் பத்து நிமிஷம் பின்னாலிருந்து வந்து தொடாதீங்க."

இரவில் படுக்கப்போகும் முன்பு செய்வதைவிடப் பகலில் செய்வது நல்லது என்பது என் அனுபவம். ஏதாவது கிளம்பினால், அதைத் தணித்துக்கொள்ளப் பகல் பொழுது கையில் இருக்கும். நிறைந்த வயிறும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். பசிப் படபடப்பும் பயப் படபடப்பும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும்.

இரண்டாம் படி: பாதம்

கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அடியில் பாயை விரியுங்கள். கால் தரையில் எட்டவில்லையென்றால் மணைப்பலகையை வையுங்கள்.

வலது குதிகாலை அழுத்துங்கள், விடுங்கள். இடதை அழுத்துங்கள், விடுங்கள். பிறகு விரல்களை மட்டும் தூக்கி இறக்குங்கள். "தரை எங்கே படுகிறது?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். படவில்லை, ஒன்றுமே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான், பயப்பட வேண்டாம். மரத்துப்போனவர்களுக்கு நுட்பமான உணர்வைத் தேடச்சொல்வது வீண். அவர்கள் தொடைத் தசையை இறுக்கி விடட்டும், கையால் காலைக் கெண்டைச்சதையிலிருந்து கணுக்கால்வரை அழுத்திவிடட்டும், வெறுங்காலோடு கரடுமுரடான கயிற்று மிதியடியில் நிற்கட்டும்.

ஏன் பாதத்தில் தொடங்குகிறோம்? நெஞ்சும் வயிறும் இடுப்பும் பலருக்கு நினைவுகள் பதுங்கியிருக்கும் இடம். பாதம் பெரும்பாலும் தொல்லை தராது. ஆனால் கால் காயப்பட்டவருக்கு அது பொருந்தாது. அவர் உள்ளங்கையை எடுத்துக்கொள்ளலாம், ஜன்னல் வழியே வரும் காக்கைச் சத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் இதுமட்டுமே செய்தாலும் குறைவில்லை.

மூன்றாம் படி: மூச்சு, எச்சரிக்கையோடு

"மூச்சைக் கவனியுங்கள்" என்பதுதான் எல்லா யோகா வகுப்பிலும் முதல் வாக்கியம். மனவடு பட்டவர்கள் சிலருக்கு அதுவே ஆபத்து. கழுத்து நெரிக்கப்பட்டவரும், தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவரும், வாய் பொத்தப்பட்ட குழந்தையாக இருந்தவரும் மூச்சைக் கவனித்த நொடியில் அங்கேயே போய் நிற்பார்கள். ஆகையால் மூச்சு இங்கே மூன்றாவதாக வருகிறது. ஒத்துவரவில்லையென்றால் மொத்தமாக விட்டுவிடலாம்.

மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே விரைகிறது, விடும்போது தணிகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பார்த்தால் நீங்களே உணரலாம். மூளையிலிருந்து நெஞ்சு வழியாக வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு செய்யும் வேலை அது. எனவே வெளிமூச்சை நீட்டினால் உடம்புக்கு "தணி" என்ற செய்தி போகிறது. மூன்று எண்ணும்வரை உள்ளே, நான்கு அல்லது ஐந்து எண்ணும்வரை வெளியே. நடுவில் அடக்க வேண்டாம். ஐந்து முறை போதும். எண்ணுவதே பரீட்சை மாதிரி இருந்தால், சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல வாயைக் குவித்து ஊதுங்கள்.

வாயை மூடி "ம்ம்ம்" என்று வண்டுபோல முனகும் பிராமரியும் நல்லது. வெளிமூச்சு தானாகவே நீளும், உதட்டிலும் நெஞ்சிலும் அதிர்வு தெரியும். காதையும் கண்ணையும் விரலால் மூடித்தான் செய்ய வேண்டும் என்பார்கள். இங்கே இரண்டும் திறந்தே இருக்கட்டும்.

வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை கிறுகிறுக்கும், விரல் நுனியில் ஊசி குத்தும், நெஞ்சு படபடக்கும். பயத்தில் உறைந்த அன்றும் உடம்பு இதைத்தான் அனுபவித்தது. பயிற்சி எது, ஆபத்து எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நான்காம் படி: அசைவு

மரபான வகுப்பில் ஆசனத்தில் நிலைத்திருப்பதுதான் பெருமை. இங்கே அசைந்துகொண்டே இருப்பது நல்லது, ஏனென்றால் அசையாமல் உறைந்துபோனதுதான் பலருக்கும் காயத்தின் பகுதி.

உட்கார்ந்தபடி, மூச்சை இழுக்கும்போது இரண்டு கைகளையும் முன்பக்கமாக உயர்த்துங்கள், விடும்போது இறக்குங்கள். தோள் உயரம் போதும். நான்கு முறை. பிறகு கைகளைத் தொடையில் வைத்து, நெஞ்சை முன்னே விரித்து, அடுத்து முதுகை வளைத்துப் பின்னே தள்ளுங்கள். பூனை சோம்பல் முறிப்பதை நாற்காலியில் செய்வதுபோல. நெஞ்சை விரிப்பது அம்பலப்பட்டதுபோல் இருந்தால் முதுகை வளைப்பதை மட்டும் செய்யுங்கள். அடுத்து, ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்து மெதுவாகத் திரும்பிப் பின்னால் பாருங்கள். எப்போதும் பின்னால் யாரோ இருப்பதுபோல் உணர்பவர்களுக்கு இது பிடித்த ஆசனம். "திரும்பிப் பார்த்தேன், சுவர்தான் இருந்தது" என்று ஒருவர் சொன்னதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து எழுந்து நில்லுங்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதத்திலும் எடையைச் சமமாக வைத்து நிற்பது தாடாசனம். அதிலிருந்து ஒரு காலை அகல வைத்து, முன்முழங்காலைச் சற்றே மடித்து, கைகளை இருபக்கமும் நீட்டினால் வீரபத்ராசனம். ஆழமாக இறங்க வேண்டாம். தொடை வேலை செய்வது தெரிந்தால் போதும்.

எனக்கு மிகப் பிடித்தது எந்த ஏட்டிலும் ஆசனமாக இல்லாத ஒன்று: சுவரைத் தள்ளுவது. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காலைப் பின்னே வைத்து, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் பதித்து, மூச்சை விட்டுக்கொண்டே தள்ளுங்கள். மூன்று எண்ணித் தளர்த்துங்கள். விரும்பினால் "தள்ளிப்போ" என்று சொல்லிக்கொண்டே தள்ளலாம். கோபம் வரும், வரட்டும். சுவர் தாங்கும்.

சில நிலைகளை வெளிப்படையாகவே சொல்லி விலக்குகிறேன். காலை அகற்றி மல்லாந்து படுப்பவை, இடுப்பை உயர்த்தும் சேதுபந்தம், குப்புறப் படுப்பவை, நாலுகாலில் நின்று பிட்டத்தை உயர்த்துபவை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இவை அந்த நாளைக் கொண்டுவந்துவிடக்கூடும். ஆசிரியர்கள் பலர் கூச்சத்தில் இதைச் சொல்வதில்லை, வருபவர்களும் கேட்பதில்லை. யாருக்கும் தெரியாமலே கேடு நடக்கிறது. கையைக் காலைக் கட்டும் பட்டைகளையும் தவிருங்கள்.

ஐந்தாம் படி: ஓய்வு

சவாசனம் என்ற பெயரிலேயே சவம் இருக்கிறது. பிணங்களுக்கு நடுவே நடந்து தப்பி வந்தவரிடம் "பிணம்போலப் படுங்கள்" என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் போரால் பாதிக்கப்பட்டவர்களோடு பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, அவரவர் மதத்துக்கு ஏற்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜபம் ஆகிய மரபு வழிகளைச் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டவர். அங்கே இந்தத் தளர்வுக்கு சாந்தி ஆசனம் என்றும் பெயர் உண்டு. நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

மல்லாந்து படுத்தே ஆக வேண்டியதில்லை. முதுகைச் சுவரில் ஒட்டி ஒருக்களித்துப் படுக்கலாம். தலையணையைக் கட்டிக்கொள்ளலாம். மேசையில் கைகளை மடித்துத் தலை சாய்க்கலாம், பள்ளிக்கூடத்தில் தூங்கியதுபோல. உட்கார்ந்தே இருக்கலாம். வெயில் காலமானாலும் பாரமான போர்வை ஒன்று சிலருக்குத் தெம்பு தரும். கண் திறந்தே இருக்கட்டும், பார்வையை ஓரிடத்தில் வைத்தால் போதும். முதல் வாரங்களில் ஒரே நிமிடம். ஐந்து நிமிடத்தைத் தொட இரண்டு மாதம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

எவ்வளவு, எத்தனை நாள்

பத்து நிமிடம், வாரம் நான்கு நாள். மூன்று நிமிடம் பாதம், ஐந்து நிமிடம் அசைவு, மீதி ஓய்வு. மூச்சு ஒத்துவந்தால் நடுவில். நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் முக்கால் மணி நேரம் செய்துவிட்டு, அடுத்த இரண்டு இரவும் கெட்ட கனவோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அளந்து கூட்டுங்கள், வாரத்துக்கு ஒரே ஒரு புது அசைவு.

ஒரு சின்ன நோட்டில், செய்யும்முன் இரண்டு சொல், செய்தபின் இரண்டு சொல். "தோள் கல்" – "தோள் மண்". "எரிச்சல்" – "கொட்டாவி". நடந்ததைப் பற்றி இதில் எழுத வேண்டாம். அதற்கு உளவளத்துணையாளர் (கவுன்சிலர்) கூட இருக்கும் இடம்தான் சரி.

அழுகையோ நடுக்கமோ வந்தால் பதற வேண்டாம். ஆனால் இரண்டு விதத்தையும் பிரித்தறியுங்கள். அழும்போதும் அறை தெரிகிறது, பாதம் தெரிகிறது, அழுது முடித்ததும் உடம்பு இளகுகிறது என்றால் அது போகட்டும். அறை மங்குகிறது, குரல்கள் தூரமாகின்றன, நீங்கள் மறுபடி அங்கே இருக்கிறீர்கள் என்றால் உடனே முதல் படி: கண், குதிகால், டம்ளர், தேதி. அன்று அதோடு முடித்துக்கொள்ளுங்கள். "எல்லாம் வெளியே வந்தால்தான் குணமாகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த இரண்டு நாளில் தூக்கம் கெட்டால், கடைசியாகச் சேர்த்த அசைவை எடுத்துவிட்டுப் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

ஆசிரியரைத் தேடும்போது

தொட்டுத் திருத்துவது நம் ஊர் வகுப்புகளில் சர்வசாதாரணம். முதுகில் கை வைத்து அழுத்துவார்கள், காலைப் பிடித்து இழுப்பார்கள், அன்போடுதான். எனவே சேருவதற்கு முன்பே கேளுங்கள்: "தொடாமல் சொல்லித்தருவீர்களா? நான் நடுவில் எழுந்து போனால் காரணம் கேட்பீர்களா?" முகம் சுளித்தால் அந்த இடம் உங்களுக்கு இல்லை. உங்கள் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "எனக்குச் சில அசைவுகள் ஒத்துக்காது" என்ற ஒரே வரி போதும். "வலியைத் தாண்டிப் போங்க", "மருந்தை விட்டுடுங்க" என்பவரிடமிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அந்த அக்காவைப்போல.

கூட்டமாக வேண்டாம், தனியே கற்கலாம் என்பவர்களுக்குச் சென்னையில் அந்த மரபு வலுவாகவே உண்டு. கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் வளர்த்த முறையில், ஆசனத்துக்காக ஆளை வளைப்பதில்லை, ஆளுக்காக ஆசனத்தை மாற்றுவார்கள். 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில் வந்தது. பெங்களூரு நிமான்ஸ் போன்ற மனநல மருத்துவமனையில் சிகிச்சையும் யோகாவும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும்.

மனம் தாங்காத நேரத்தில் யோகாவைத் தேடாதீர்கள், மனிதக் குரலைத் தேடுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

கடைசியாக, நாள்காட்டியைப் பற்றி ஒன்று. சுனாமி வந்த டிசம்பர் 26, ஈழப்போர் முடிந்த மே 18, தீபாவளிப் பட்டாசு, உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தூக்கம் குறையும், தோள் ஏறும். பலர் காரணம் தெரியாமல் தவிப்பார்கள். அந்த வாரத்தைப் பென்சிலால் முன்கூட்டியே வட்டமிட்டுவையுங்கள். அப்போது புது அசைவு ஒன்றும் வேண்டாம். பாதம் மட்டும், நாளுக்கு மூன்று நிமிடம். டம்ளரில் தண்ணீர். வீட்டில் நம்பிக்கையான யாராவது ஒருவர் விழித்திருக்கட்டும்.